தொண்டர் கையில் அரசினர் நிலப்படம்

நிலப்படம் வரைதல் அரசினர்க்கே உரிய கருமம் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. அளவைக் கருவிகள் பயிற்சி பெற்றார் கையில் மட்டும் இருந்த காலத்தில் அக்கருத்துப் பொருத்தமானதே. இன்று ஆகாயத்திலிருந்து எடுத்த ஒளிப்படத்திலே ஒரு நகரின் கூரைகளையெல்லாம் எண்ணிவிடலாம். ஆயின், கூரையின் கீழிருப்பது பாடசாலையோ பண்டசாலையோ என்பதை அப்படம் உரைப்பதில்லை. மூடப்பட்ட வைத்தியசாலையின் கூரையும் திறந்திருக்கும் வைத்தியசாலையின் கூரையும் அதில் ஒன்றாகவே தோன்றும். வெள்ளமோ தீயோ நேர்ந்த நாளில் இவ்வேறுபாட்டை அறியாமை உயிர்ச்சேதத்தில் முடியலாம்.

இவ்விடர்ப்பாட்டை நேரிற் கண்டவர் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் புவிச்சரிதவியல் அளவை நிலையத்தார். 1:24,000 என்னும் அளவுத்திட்டத்தில் அந்நாட்டின் பெரும்பகுதிக்கு அவர் நிலப்படத் தாள்களை வெளியிட்டிருந்தனர். 2009 இல் தொடங்கிய புதிய வரிசையை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க எண்ணினர். அவ்வளவு விரைவாக ஊர்தோறும் அலுவலரை அனுப்புதல் இயலுமோ?

தொண்டர் துணை அவர்க்குப் புதிதன்று. 1990 களிலேயே ஊரவரைக் கொண்டு தாள்களைத் திருத்துவிக்கத் தொடங்கினர். ஆயினும் அம்முயற்சி 2008 இல் நிறுத்தப்பட்டது. தொண்டு இலவசமாயினும் அதனைச் சரிபார்த்தல் இலவசமன்று என்பதைத் தொண்டரை நாடும் அரசினர் பலர் முதலில் எண்ணிப்பார்ப்பதில்லை.

பின்னர் கொலராடோ மாநிலத்திலே புதியதொரு சோதனை நடைபெற்றது. டென்வர் நகரப் பல்கலைக்கழக மாணவர் பாடசாலை, வைத்தியசாலை, தீயணைப்பு நிலையம், பொலிஸ் நிலையம், தபாற்கந்தோர் முதலியவற்றின் இடத்தையும் பெயரையும் முகவரியையும் பதிந்தனர். சிலர் பதிந்ததை வேறு சிலர் சரிபார்த்தனர். ஒருவர் பிழையை மற்றொருவர் கண்டு திருத்தும் இவ்வொழுங்கே முறையின் உயிர்நாடி. ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்னும் தொண்டர் நிலப்படத்தின் மென்பொருளை நிலையத்தார் கடன்கொண்டனர். அதன் தரவுகளைக் கொள்ளவில்லை. அரசினர் தரவு நிபந்தனையின்றி எவர்க்கும் பொதுவாதல் வேண்டும். அத்தரவுகளோ உரிம நிபந்தனைக்கு உட்பட்டவை. சிறிய சட்ட நுணுக்கம் போலத் தோன்றினும், இரண்டு பெரும் படங்கள் ஒன்றுகலவாமல் தடுத்தது இதுவே. 2013 ஆகஸ்டில் ஐம்பது மாநிலங்களுக்கும் தொண்டர் பணி விரிந்தது.

பொதுக் கட்டடங்களோடு நில்லாது குடியிருப்புகளையும் பதிவதாயின் வேலை பன்மடங்காகும். 1978 இற் சூறாவளியையும் 2004 இல் ஆழிப்பேரலையையும் கண்ட நமது மட்டக்களப்பில் அத்தகைய முயற்சியொன்று நடைபெற்றது. 2012 இன் பின் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் துணைநிற்க, மண்முனை வடக்கில் 30,000 இற்கு மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மப்பிலேயே பதியப்பட்டன. ஒவ்வொன்றின் பயன்பாடும், மாடிகளின் எண்ணிக்கையும், சுவரும் கூரையும் எப்பொருளால் ஆயின என்பதும் அங்கே குறிக்கப்பட்டன. சுவர் எதனால் ஆயது என்பதை எந்த ஆகாயப் படமும் காட்டாது. வெள்ளம் முதலில் தாக்குவது அச்சுவரையே.