புது லினக்ஸ், திணறும் சர்வர்
அதே மெஷின், அதே டேட்டாபேஸ். லினக்ஸ் பதிப்பை மாற்றியதும் சர்வர் விட்டுவிட்டுத் திணறுவது ஏன்?

2010-இல் வெளியான ரெட் ஹேட் லினக்ஸ் 6-க்கு மாறிய பலருக்கும் இந்தத் தலைவலி வந்தது. அதுவரை நினைவகம் பெரும்பாலும் 4 கிலோபைட் பக்கங்களாகவே பங்கிடப்பட்டது. புதிய பதிப்போ, யாரும் கேட்காமலேயே 2 மெகாபைட் பக்கங்களைத் தரத் தொடங்கியது. முகவரி தேடும் வேலை குறையும், நோக்கம் நல்லதுதான். ஆனால் அவ்வளவு பெரிய தொடர் இடத்துக்காக கெர்னல் சிதறிக் கிடக்கும் பக்கங்களை நகர்த்தி அடுக்கும்வரை டேட்டாபேஸ் காத்துக் கிடக்கும். ரெடிஸ் டேட்டாபேஸுக்கு இன்னும் மோசம்: பேக்கப் எடுக்கும் நேரத்தில் சில பைட்டுகள் மாறினாலும் 2 மெகாபைட் முழுவதையும் நகலெடுக்க நேரும்.

‘டாப்’ கட்டளையில் சிபியுவின் ‘சிஸ்டம்’ பங்கு காரணமில்லாமல் எகிறினால் சந்தேகம் இந்தப் பெரிய பக்கங்கள்மீதுதான் விழ வேண்டும். ரெடிஸ், ஆரக்கிள் இரண்டுமே தானாகப் பெரிய பக்கம் தரும் இந்த வசதியை அணைக்கச் சொல்கின்றன. சர்வர் ஓடும்போதே அணைக்கலாம்; ஆனால் பூட் அமைப்பிலும் எழுதாவிட்டால் அடுத்த ரீபூட்டில் அது திரும்ப வந்துவிடும்.