கறையான் தின்னும் குறுவாய்த் தவளை

விருதுநகர் ஜில்லா, திருச்சுழி தாலூகா, நரிக்குடிப் பிரதேசத்து மானாவாரி நிலங்களில் மழைக்குப்பின் ஏர் பூட்டும்போது, கொழு புரட்டிய மண்ணோடு உருண்டையான தவளையொன்று வெளிவருதல் உண்டு. இதனை விஷ ஜந்துவென்று எண்ணி அடித்துக் கொல்லுதல் தகாது.

இது குறுவாய்த் தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1799-ல் ஷ்னைடர் என்னும் ஜெர்மானியர் விவரித்த இதன் சாஸ்திரப் பெயர் யூப்பெரோடான் சிஸ்டோமா. தென்னிந்திய வறண்ட சமவெளிகளிலும் இலங்கையிலும் வாழ்வது. நீளம் சுமார் 2½ அங்குலம். தலை சிறிது, வாய் மிகக் குறுகியது, மேற்றாடையில் பல் கிடையாது. அஞ்சினால் காற்றை இழுத்து உடலை ஊதிக்கொள்ளும், அவ்வளவே. கடிப்பது இதற்கு இயலாத காரியம்.

இத்தகைய வாயால் பெரிய பூச்சிகளை விழுங்கவொண்ணாது. ஆகவே கறையானும் எறும்புமே இதன் பிரதான ஆகாரம். இரை மண்ணுக்குள் இருப்பதால் தவளையும் மண்ணுக்குள்ளேயே வாழ்கிறது. பின்னங்கால்களின் அடியில் மண்வெட்டி போன்ற தடித்த மேடுகள் உண்டு. அவற்றால் மண்ணை ஒதுக்கிக்கொண்டு, முகம் மேலேயிருக்கப் பின்புறமாகவே அமிழ்ந்துவிடும். கோடையை ஈரமுள்ள ஆழத்தில் கழிக்கும். இத்தவளையால் கறையான் தொல்லை அடியோடு ஒழியுமென்று சொல்வதற்கில்லை. எனினும் கூலி கேளாமல் உழைக்கும் ஆளை வரப்பில் அடித்துக் கொல்வானேன்?

பலத்த மழை பெய்தவுடன் இது வெளிப்பட்டு மழைநீர்க் குட்டைகளை நாடும். ஆண் தவளைகள் ஊதிய உடலுடன் ஜலத்தில் மிதந்து உரக்கக் கத்தும். முட்டைகள் நீரின்மேல் மெல்லிய படலமாய்ப் பரவி மிதக்கும். தலைப்பிரட்டைகளுக்குக் கொறிக்கும் பற்கள் இல்லை. ஜலத்தை உட்கொண்டு அதிலுள்ள நுண்ணிய பாசிகளை வடித்துத் தின்னும்.

கண்மாயும் ஊருணியும் இருக்க, வயலோரக் குட்டை எதற்கு என்று குடியானவர்கள் வினவலாம். கண்மாயில் மீன்கள் உண்டு. முட்டையும் குஞ்சும் அவற்றுக்கு இரையாகும். வற்றிப்போகும் குட்டையில் மீன் தங்காது. ஆனால் அக்குட்டை சில வாரங்களேனும் வற்றாதிருத்தல் வேண்டும். குஞ்சுகள் கால் முளைத்துக் கரையேறுமுன் அதனைத் தூர்த்தாலும், பூச்சிமருந்து தெளித்த கருவியை அதில் கழுவினாலும், அவ்வருஷத்துச் சந்ததி முழுவதும் அழியும்.

ஆகையால் பள்ளங்களைச் சமன்படுத்தும் வேலையைக் குட்டை வற்றியபின் வைத்துக்கொள்க. தெளிகருவியைக் குட்டைக்கு வெகுதூரத்தில் கழுவுக. உழவில் அகப்பட்ட தவளையை ஈரமான வரப்போரத்தில் விட்டால் போதும்; சற்று நேரத்தில் தானே புதைந்துகொள்ளும்.