பாலிடெக்னிக் டு நிலா: விழுப்புரம் வீரமுத்துவேலிடம் நாம் கற்க என்ன இருக்கு?

“பாலிடெக்னிக்கா? ஏன், மார்க் கம்மியா?” திண்டிவனம், விழுப்புரம் பக்கம் டிப்ளமோ சேரும் பிள்ளைகள் சொந்தக்காரர்களிடம் இன்னமும் கேட்கும் கேள்வி இது.

விழுப்புரம் ரயில்வே ஊழியரின் மகன் ப.வீரமுத்துவேல் சேர்ந்ததும் பாலிடெக்னிக்கில்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐஐடியில் பிஎச்.டி. என்று தன் பாதையைத் தானே போட்டுக்கொண்ட இஸ்ரோ விஞ்ஞானி அவர்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. அடுத்த முயற்சியான சந்திரயான்-3-க்கு திட்ட இயக்குநர் பொறுப்பு வீரமுத்துவேலிடம் வந்தது.

என்ன மாற்றினார்கள்?

எதெல்லாம் சொதப்பலாம் என்று முன்கூட்டியே யோசித்து வடிவமைத்தது இஸ்ரோ குழு. லேண்டரின் கால்கள் வலுவாக்கப்பட்டன. எரிபொருள் கூட்டப்பட்டது. 500 மீட்டருக்கு 500 மீட்டராக இருந்த இறங்குமிடம், சுமார் 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. ஆனது. 2023 ஆகஸ்ட் 23-ல் லேண்டர் பத்திரமாக இறங்கியது.

நமக்கு?

எந்தப் படிப்பு, எந்த வேலை என்பது உங்க முடிவு. ஊர் ஆயிரம் சொல்லும். ஆனா, முடிவு உங்களுடையது என்றால் அதில் வரும் சறுக்கலும் உங்களுடையதுதான். “யாரால ஆச்சு?” என்று கேட்டு நிற்காமல், “அடுத்த தடவை எதை மாத்தணும்?” என்று எழுதிப் பாருங்க. நிலவுக்கே அதுதான் வழி காட்டியது.