மிதித்த கால்கள்

பிள்ளைகளும் விசுவாசமும் – 11

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஜப்பான் மறைசாட்சிகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1597 பிப்ரவரி 5, நாகசாகிக் குன்றின்மேல் 26 சிலுவைகள். அவற்றில் தொங்கியவர்களில் லூயிஸ் இபராகிக்கு வயது 12, அந்தோணிக்கு 13, தோமா கொசாகிக்கு 14. நம்ம வயசுப் பிள்ளைகள் என்றதும் வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது. அந்தச் சூட்டிலேயே மிதிபடத்தைப் பற்றியும் சொன்னேன். இயேசுவின் உருவமோ மாதாவின் உருவமோ பதித்த தகட்டைத் தரையில் வைத்து அதிகாரிகள் மிதிக்கச் சொல்வார்கள், மிதிக்க மறுத்தவர்களுக்குத் தண்டனை என்றேன். முன்வரிசையில் இருந்த சிறுமி கை தூக்கினாள்.

“டீச்சர், மிதிச்சவங்க எல்லாம் நரகத்துக்கா போனாங்க?”

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

ஜப்பானுக்கு விசுவாசத்தைக் கொண்டுபோனவர் எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு நன்கு தெரிந்தவர்தான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததை வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களையே உபதேசியார் ஆக்கினார். அதே சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரை இறங்கினார். எங்கள் ஊர்களில் அந்த மணி இன்றுவரை ஓயவில்லை. அங்கே 1614-இல் நாடு முழுவதும் தடை வந்தது. 1644-இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் கோயில் இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை.

நாகசாகியில் புதுவருடம் பிறந்தாலே மிதிபடம் வந்துவிடும். வருடம் தவறாமல் எல்லாரும் மிதிக்க வேண்டும். நடக்கத் தெரியாத குழந்தையைத் தாய் தூக்கிப் பிடித்து அதன் பாதத்தைத் தகட்டில் பதிய வைக்க வேண்டும். மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள், அல்லது சித்திரவதையில் மறுதலித்தார்கள். ஆக, மிஞ்சியவர்கள் எல்லாரும் மிதித்தவர்களே. நாம் வகுப்பில் சொல்லாமல் விடுவது இவர்களுடைய கதையைத்தான்.

மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள்? உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். குரு இல்லாத இடத்தில் முழு மனதோடு வருந்தினால் கடவுள் மன்னிப்பார் என்று கற்பிக்கும் சிறு நூல் ஒன்று 1603-இலேயே அங்கு வந்திருந்தது. ‘கொன்சிரிசான்’ என்ற போர்த்துகீசியச் சொல்லால் அந்த மனஸ்தாபத்தை அழைத்தார்கள். அது கையெழுத்துப் படியாகவும் மனப்பாடமாகவும் வீட்டுக்கு வீடு போயிற்று. படுக்கப் போகுமுன் எங்கள் பாட்டி எங்களை முழங்காலில் நிறுத்திச் சொல்லவைத்த மந்திரமும் இதுதான். எங்களுக்கு அது தூக்கத்துக்கு முன் ஒரு தொல்லை. அவர்களுக்கு அதுவே பாவசங்கீர்த்தனத் தொட்டி.

பிள்ளைகளுக்கு வேறென்ன கொடுத்தார்கள்? ஒரு காலண்டரைக் கொடுத்தார்கள். பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் விட்டுப்போன 1634-ஆம் ஆண்டுத் திருநாள் கணக்கு அது. ஊருக்கு ஒருவர் அந்தக் கணக்கைக் காப்பார், ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பார். இன்று வேலை செய்யக் கூடாத நாள், இன்று துக்க காலம், அதாவது தபசு காலம், தொடங்குகிறது என்ற செய்தி வீடுகளுக்குப் போய்ச் சேரும். அம்மா இன்றைக்கு ஏன் ஊசியைத் தொடவில்லை என்று பார்த்துத்தான் அந்தப் பிள்ளைகள் வேதம் படித்திருப்பார்கள். மந்திரங்களில் பாதி லத்தீனும் போர்த்துகீசும் சிதைந்த ஒலிகள். ‘ஓ குளோரியோசா தோமினா’ என்ற லத்தீன் பாட்டு இகிட்சுகித் தீவில் ‘குருரியோசா’ ஆகியிருக்கிறது. பொருள் புரியாமல் ஒப்பிப்பது வீண் என்று மேடைகளில் பேசியவள்தான் நான். இதைப் படித்தபின் அப்படிப் பேசுவதில்லை.

1865-இல் நாகசாகியில் வெளிநாட்டவருக்காக ஓவுரா கோயில் திறக்கப்பட்டது. மார்ச் 17 அன்று உரகாமி கிராமத்தார் சிலர் வேடிக்கை பார்ப்பதுபோல் உள்ளே வந்தார்கள். செபித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குரு பெத்தித்ஜானிடம் இசபெலினா யூரி என்ற பெண் நெருங்கி, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். இந்தக் காட்சி பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்த பேச்சு. இது துக்க காலத்தின் பதினேழாம் நாள் என்று அவர்கள் குருவிடம் சொன்னார்களாம். அந்த வருடம் விபூதிப் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள், கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. குருவே இல்லாத 200 வருடங்களுக்கு மேல், மிதித்த கால்களோடு, தபசு நாள்களை எண்ணி எண்ணிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக மிதித்த அந்த உரகாமி ஊர்தான் 1867-இல் சாவுக்குப் புத்த குருக்களை அழைக்கமாட்டோம் என்று வெளிப்படையாக நின்றது. 3,000-க்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு நாட்டுக்குள்ளேயே பல திசைகளுக்கு விரட்டப்பட்டார்கள். 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்படும்வரை திரும்ப முடியவில்லை. 600-க்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை.

பயந்து மிதித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தத் தாய்மாரும் நியாயப்படுத்தவில்லை, அதனால்தான் ஒவ்வொரு வருடமும் அழுது மந்திரம் சொன்னார்கள். சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்த பேதுரு வெளியே போய்க் கதறி அழுததை நற்செய்தி மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. நாம் ஏன் பிள்ளைகளிடம் மறைக்கிறோம்? பள்ளிக்கூடத்தில் கேலிக்குப் பயந்து கழுத்துச் செபமாலையைச் சட்டைக்குள் தள்ளிய பிள்ளைக்கு 26 சிலுவைகளின் கதை மட்டும் சொன்னால், நான் தோற்றுவிட்டேன் என்று அது ஒதுங்கிவிடும்.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமியிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்ப அந்தப் பாப்பாவுக்குத் தெரியுமா டீச்சர், தன் கால் எதுமேல பட்டுச்சுன்னு?” என்று கேட்டாள். வளர்ந்தபின் அம்மா சொல்லியிருப்பாள் என்றேன்.

கோடை விடுமுறை மறைக்கல்விக்குக் கதை தேடிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களே, மறைசாட்சிகளைப் பற்றிச் சொல்லும் அதே நாளில் உத்தம மனஸ்தாப மந்திரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)