பினாங்கு வந்த சிவகங்கை வாரிசு

பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயியின் மகன் 1795இல், 10 வயதில், பாரிஸ் சிறையில் இறந்தான். மக்கள் நம்பவில்லை, தப்பிவிட்டான் என்றே பேசினர். வட அமெரிக்காவில் இரோகுவாய் பழங்குடியினரிடையே வளர்ந்த எலியேசர் வில்லியம்ஸ் என்ற பாதிரியார், தாமே அந்த இளவரசர் என்றார். அதை நம்பியவர்களும் உண்டு! 2000இல் நடந்த மரபணுச் சோதனை, சிறையில் இறந்தவன் இளவரசனே என்று காட்டியது.

பினாங்கில் நடந்ததோ கட்டுக்கதையல்ல. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது. 1802 பிப்ரவரியில், 70க்கும் மேற்பட்டோருடன் அவரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். தூத்துக்குடியில் காவல் பொறுப்பில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். முன்பு அவருக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான்!

1818இல் வெல்ஷ் பினாங்கு வந்தார். தளர்ந்துபோன ஒருவர் எதிரே வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை. துரைசாமி என்று பெயர் சொன்ன பிறகே புரிந்தது. முப்பதைச் சற்றே தாண்டிய வயது, தோற்றமோ கிழவருடையது. இன்று ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

ஊரிலுள்ள உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார் துரைசாமி. வெல்ஷ் மறுத்துவிட்டார். 1830இல் வெளிவந்த நினைவு நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.