இருபது வருஷம் முடிந்தால் வீடு நமதாகிவிடுமா?

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் தன் பாட்டியிடம் கேட்டார்: "ஆயா, இருபது வருஷம் ஆயிடுச்சே. இனிமே அது நம்ம வீடுதானே?"

"உங்க தாத்தா கட்டிக்கிட்டு வந்தாரு. எவ்ளோ பாக்கின்னு அவருக்குத்தான் தெரியும்" என்றார் ஆயா. தாத்தா இறந்து நான்கு வருஷமாகிறது.

அந்த வீடு சென்னைப் புறநகரில், வாரியக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. நம் மாவட்டத்துக் காலனியிலிருந்து கட்டட வேலைக்குப் போன தாத்தா, ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தார். குடிசைகளை அகற்றியபோது மாற்றாகக் கிடைத்த வீடு அது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் நம் மக்கள் ஏராளம். அவர்களில் பலருடைய வேர் நம் ஊர்களில்தான் இருக்கிறது. வீட்டுக் காகிதமும் பல நேரம் ஊரில் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

ஆயாவின் பெட்டியைத் திறந்தபோது நாமும் உடனிருந்தோம். ஒதுக்கீட்டு ஆணை கிடைத்தது. 2004 ஜூன் முதல் 240 மாதத் தவணை என்று அதில் இருந்தது. காலண்டர் கணக்கில் 2024 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த ரசீதுகளை எண்ணினோம். 204 இருந்தன. மீதி 36 எங்கே? தாத்தா படுக்கையில் கிடந்த காலத்தில் கட்டவில்லையா, கட்டியும் ரசீது தொலைந்ததா? ஆயாவுக்கும் தெரியவில்லை.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இத்தகைய ஒதுக்கீட்டில் கடைசித் தவணை கட்டும்வரை நமக்கு இருப்பது குடியிருக்கும் உரிமை. முழுத் தொகையும் கட்டி, நம் பெயருக்குக் கிரயப் பத்திரம் பதிவான பிறகே வீடு நமது. வருஷங்கள் ஓடிவிட்டதால் மட்டும் வீடு நமதாகிவிடாது. காலண்டரில் ஒரு கணக்கு, வாரியத்தின் பேரேட்டில் ஒரு கணக்கு. செல்லுபடியாவது பேரேட்டுக் கணக்குதான்.

அதைத் தெரிந்துகொள்வது எப்படி?

முதலில் ஒதுக்கீட்டு ஆணையைப் படிக்க வேண்டும். யார் பெயரில் ஒதுக்கீடு, எந்தத் தேதியில், எத்தனை தவணை, மாதம் எவ்வளவு, தாமதித்தால் வட்டி உண்டா, வேறு நிபந்தனைகள் என்ன என்று குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குடியிருப்புக்கும் ஒரே விதி இல்லை. சில வாடகை முறையில் தரப்பட்டவை. திட்டத்துக்குத் திட்டம் காலமும் தொகையும் மாறும். பக்கத்து பிளாக்காரர் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போகலாம்.

அடுத்து, ரசீதுகளை ஆண்டு வாரியாக அடுக்கி, விடுபட்ட மாதங்களை எழுத வேண்டும். பிறகு குடியிருப்புக்குப் பொறுப்பான வாரிய அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். பழைய பெயரில் உள்ள ஆணை செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதுவரை கட்டிய தொகை, மீதித் தவணை, வட்டி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் கணக்குப் பட்டியல் வேண்டும் என்று எழுதுங்கள். வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஆயா வீட்டு மனுவை எழுதியது அந்தப் பேரன்தான். வந்த பட்டியலில், ரசீது இல்லாத 36 மாதங்களில் 11 மாதத்துக்குப் பணம் கட்டியது பதிவாகியிருந்தது. ஆக, மீதி 25 தவணையும் அதற்குரிய வட்டியும். "இவ்ளோதானா? வீடே போயிடுமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார் ஆயா.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஆணை தாத்தா பெயரில் இருக்கிறது. ஒதுக்கீடு பெற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்துப் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால், கடைசித் தவணை கட்டிய பிறகும் பத்திரம் யார் பெயருக்கு என்ற சிக்கல் வரும். நிலம் வேறு துறையின் பெயரில் இருப்பதால் பத்திரம் தாமதமாகும் குடியிருப்புகளும் உண்டு. அங்கே நிலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் மனுவில் கேளுங்கள்.

ஒதுக்கீடு பெற்றவரிடம் பணம் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். பேரேட்டில் அவர்கள் பெயர் இராது. தவணை முழுவதையும் அவர்களே கட்டினாலும் வீடு இன்னொருவர் கணக்கில்தான் ஏறும். அத்தகையோர் உடனே சட்ட ஆலோசனை பெறுவது நல்லது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

காகிதத்தின் நிபந்தனையைப் படிக்காமல் இழந்த அனுபவம் நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. முதல் 10 ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. "பத்து வருஷம் முடிஞ்சாச்சு, யாருக்கு வேணும்னாலும் எழுதலாம்" என்று சொல்லி எழுதி வாங்கியவர்களிடம் ஏமாந்தவர்கள் எத்தனை பேர்! முதல் பாதியைச் சொன்னவர்கள் அடுத்த பாதியைச் சொல்லவில்லை. அந்த நிலத்தை மீட்கத்தான் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறோம்.

அன்று நம் முன்னோருக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்ட ஆள் இல்லை. இன்று வீட்டுக்கு ஒரு மாணவர் இருக்கிறார். தம்பி, தங்கைகளே! இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, ஆணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தாத்தா பாட்டிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மீதி எத்தனை தவணை என்று எழுதி, அந்தத் தாளையும் அதே பெட்டியில் வையுங்கள்.