நீர்ப்பம்பியை ஆளும் சிறு கட்டுப்படுத்தி: பிற கருவிகளோடு அதனை இணைக்கும் முறை

கிணற்றடியில் நீர்ப்பம்பியும் தோட்டத்தின் மறுமுனையில் நீர்த்தாங்கியும் வைத்துள்ள கமக்காரர் இரண்டு தொல்லைகளை நன்கு அறிவர். தாங்கி நிரம்பி வழிந்து நீரும் மின்சாரமும் வீணாதல் ஒன்று. கிணறு வற்றியதறியாது பம்பி நீரின்றிச் சுழன்று பழுதடைதல் மற்றொன்று. இவ்விரண்டையும் தடுப்பதற்குத் தொழிற்சாலைகளில் வழங்கும் சிறு கட்டுப்படுத்திகள் இன்று தோட்டங்களிலும் பயன்படுகின்றன. இக்கருவியைத் தனியே நிறுத்தாது பிற கருவிகளோடு இணைத்தால் அதன் பயன் பெருகும். பிழைபட இணைத்தாலோ, கருவி இல்லாதிருந்த காலத்தினும் பெரிய நட்டம் நேரும். ஆதலின் இணைக்கும் முறையையும், இணைப்பு அறுந்தவிடத்துச் செய்யத்தக்கதையும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

கொழும்பிற் காணத்தக்க எளிய எடுத்துக்காட்டு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள மாடி வீடுகளுக்குச் சென்று வந்தோர் இதன் எளிய வடிவத்தைக் கண்டிருப்பர். குழாய் நீர் முதலில் நிலமட்டத்திலுள்ள தொட்டியிற் சேரும். அங்கிருந்து பம்பி அதனை மொட்டை மாடியிலுள்ள தாங்கிக்கு ஏற்றும். மேலே ஒரு மிதவை ஆளியும் கீழே ஒரு மிதவை ஆளியும் பொருத்தப்படும். மேல் தாங்கி குறைந்து, கீழ்த் தொட்டியில் நீரும் இருந்தாலன்றிப் பம்பி ஓடாது. இரு கருவிகள் தம் நிலையைக் கம்பி வழியே பம்பிக்கு அறிவிக்கின்றன; இணைப்பு என்பதன் அடிப்படை இதுவே.

மாடி வீட்டிற்கு இது போதும். கமத்திற்குப் போதாது. கிணற்றின் நீர்மட்டம், தாங்கியின் நீர்மட்டம், மிளகாய்ப் பாத்தியின் ஈரம், உரக்கரைசற் பம்பி, நான்கைந்து வால்வுகள் ஆகிய யாவும் ஒன்றையொன்று அறிந்து இயங்க வேண்டுமாயின், மிதவைகளும் றிலேக்களும் கொண்டு கம்பி இழுத்தல் பெருஞ்சிக்கலாகும். பின்னர் ஒரு சிறு மாற்றம் செய்யவும் கம்பிகள் அனைத்தையும் பிரிக்க நேரும்.

கட்டுப்படுத்தி தோன்றிய வரலாறு

இதே சிக்கல் ஐக்கிய அமெரிக்காவின் மோட்டர் வாகனத் தொழிற்சாலைகளிலும் இருந்தது. வாகனத்தின் மாதிரி மாறுந்தோறும் றிலேக்கள் நிறைந்த பெரும் அலுமாரிகளின் கம்பிகளை மாற்ற வேண்டியிருந்தது. கம்பியை மாற்றாது கட்டளையை மட்டும் மாற்றத்தக்க பொறியொன்றை 1968இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் நாடிற்று. டிக் மோர்லி என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய ‘மொடிக்கொன் 084’ என்னும் கட்டுப்படுத்தி அத்தேவையை நிறைவு செய்தது. இவ்வகைக் கருவியே இன்று ‘பி.எல்.சி.’ எனப்படுகின்றது. அன்று அலுமாரி அளவிலிருந்த பொறியின் வேலையை இன்று கைக்கடக்கமான பெட்டியொன்று செய்கின்றது.

கருவி இயங்கும் விதம்

கட்டுப்படுத்திக்கு உள்ளீடுகளும் வெளியீடுகளும் உண்டு. மிதவை, ஆளி, உணரி என்பன உள்ளீட்டிற் சேரும். பம்பியின் தொடக்கி, வால்வு, எச்சரிக்கை மணி என்பன வெளியீட்டிற் சேரும். கருவி முதலில் உள்ளீடுகளை வாசிக்கும். அடுத்துச் செய்நிரலை மேலிருந்து கீழாக நிறைவேற்றும். அதன்பின் வெளியீடுகளை மாற்றும். ஒரு செக்கனுக்குட் பன்முறை இச்சுற்று நிகழும்.

செய்நிரல் எழுதுமுன்

செய்நிரலைக் கணினியில் எழுதுவதன் முன், வேண்டுவதைத் தாளிலே தமிழில் எழுதிக்கொள்ளுதல் நன்று. எழுதிய வசனம் தெளிவாயின் செய்நிரலும் தெளிவாகும். எடுத்துக்காட்டாக,

(அ) தாங்கியில் நீர் 0.5 மீற்றருக்குக் குறைந்து, கிணற்றில் நீர் 1.5 மீற்றருக்கு மேல் இருந்தாற் பம்பி தொடங்குக.

(ஆ) தாங்கியில் நீர் 1.8 மீற்றரை அடைந்தாலேனும், கிணற்றில் நீர் 0.8 மீற்றருக்குக் குறைந்தாலேனும் பம்பி நிற்க.

தொடங்கும் அளவும் நிற்கும் அளவும் வேறாக இருத்தலைக் கவனிக்க. இரண்டும் ஒன்றாயின் நீரின் சிறு அலையாலும் பம்பி ஓயாது தொடங்கி நிற்கும். மோட்டர் விரைவிற் கெடும். இங்குக் கூறிய அளவுகள் மாதிரியே. கிணற்றின் ஆழத்திற்கும் பம்பியின் உறிஞ்சுவாய் இருக்கும் இடத்திற்கும் ஏற்ப அவற்றை மாற்றுக.

இவ்வசனங்களை ‘ஏணிப்படம்’ என்னும் முறையில் வரைதல் வழக்கம். ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு வசனமாகும். றிலேச் சுற்றுப் பழகிய மின்வேலையாளர் இதனை எளிதில் வாசிப்பர்.

நிறுத்தும் பொத்தானின் தொடுகை எப்போதும் மூடியிருந்து, அழுத்தும்போது திறக்கும் வகையினதாக இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் எலி கம்பியைக் கடித்து அறுத்தாலும் பம்பி நின்றுவிடும். திறந்திருந்து மூடும் வகையாயின், கம்பி அறுந்தமை ஆபத்து வேளையிலேயே தெரியவரும்.

இணைக்கும் வழிகள் மூன்று

முதலாவது, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் கூறும் தொடுகை. மிதவை ஆளி இவ்வகையது. எளியதும் நம்பத்தக்கதும் இதுவே.

இரண்டாவது, அளவு கூறும் மின்னோட்டம். 4 முதல் 20 மில்லியம்பியர் வரையிலான ஓட்டத்தால் அளவு குறிக்கப்படும். 5 மீற்றர் வரை அளக்கும் நீர்மட்ட உணரி, நீரில்லாதபோது 4, 2.5 மீற்றரில் 12, 5 மீற்றரில் 20 எனக் காட்டும். சுழியத்திலிருந்து தொடங்காது 4இலிருந்து தொடங்குவதன் காரணம் அறியத்தக்கது. கம்பி அறுந்தால் ஓட்டம் சுழியமாகும்; நீரில்லாமையும் கம்பி அறுந்தமையும் இதனால் வேறுபடுத்தி அறியப்படும்.

மூன்றாவது, செய்தியாகப் பேசும் முறை. ஒரே சோடிக் கம்பியிற் பல கருவிகள் எண்களை அனுப்பிப் பெறும். இவ்வகையிற் பெருவழக்கானது 1979இல் வெளிவந்த ‘மொட்பஸ்’ முறை.

மொட்பஸ் முறையிற் கவனிக்க வேண்டியவை

இம்முறையில் ஒரு கருவியே தலைமை வகிக்கும். அது முகவரி கூறிக் கேட்கும். கேட்கப்பட்ட கருவி மட்டும் மறுமொழி தரும். முகவரி 1 முதல் 247 வரை அமையலாம். இரு கருவிகளுக்கு ஒரே முகவரி இருப்பின் இரண்டும் ஒருங்கே பேசிச் செய்தி குழம்பும். புதிய கருவிகள் பல முகவரி 1 உடனேயே வருவதால், ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றிய பின்னரே ஒரே கம்பியிற் சேர்த்தல் வேண்டும். வேகம் முதலிய அமைப்புகளும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இதற்கு வழங்கும் ‘ஆர்.எஸ். 485’ இணைப்பு, வேகம் குறைவாயின், ஏறத்தாழ 1200 மீற்றர் வரை செல்லும். கம்பி முறுக்கிய சோடியாக இருத்தல் வேண்டும். மரக்கிளைபோற் பிரிக்காது, ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கெனத் தொடராக இழுக்க. நீண்ட கம்பியாயின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இடுக, நடுவில் இடற்க. பம்பியின் மின்கம்பியோடு ஒரே குழாயில் இதனைச் செலுத்துதல் ஆகாது.

கருவிகள் எண்களை ‘பதிவகம்’ எனப்படும் இடங்களில் வைத்திருக்கும். சில கைநூல்கள் பதிவகங்களைச் சுழியத்திலிருந்தும், சில ஒன்றிலிருந்தும் எண்ணுவதால் அடுத்த பதிவகத்தை வாசித்து ஏமாறுதல் அடிக்கடி நிகழ்வது. அன்றியும் 123 என்னும் எண் 1.23 மீற்றரோ 12.3 மீற்றரோ என்பதைக் கைநூலே கூறும். கிணற்றுட் கோல் விட்டு அளந்து, திரையிற் காணும் எண்ணோடு ஒப்பிட்ட பின்னரே கருவியை நம்புக.

தொடர்பு அறுந்தால் என் செய்வது?

இதுவே இப்பிரசுரத்தின் தலையாய செய்தி. தாங்கியடிக் கருவி வாய்மூடிவிட்டால், கிணற்றடிக் கட்டுப்படுத்தியின் நினைவில் இறுதியாக வந்த எண் அப்படியே நிற்கும். அவ்வெண் ‘தாங்கி குறைவு’ என்றிருப்பின், நீர் வழிந்தோடினும் பம்பி ஓடிக்கொண்டே இருக்கும். பழைய செய்தி புதிய செய்தி போலத் தோன்றுவதே இதன் கேடு.

இதற்குப் பரிகாரம் எளிது. தாங்கியடிக் கருவி ஒவ்வொரு செக்கனும் ஒன்று கூட்டி ஓர் எண்ணை அனுப்புமாறு செய்க. கிணற்றடிக் கட்டுப்படுத்தி அவ்வெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். 30 செக்கன் வரை அது மாறாதிருப்பின், தொடர்பு அறுந்ததாகக் கொண்டு பம்பியை நிறுத்தி மணி அடிக்கும். நிறுத்திய பின் நாற்று வாடாதிருக்க, கையால் இயக்கும் ஆளி ஒன்றும் கட்டாயம் இருத்தல் வேண்டும். கிணறு வற்றும்போது பம்பியை நிறுத்தும் மிதவையை எவ்விதச் செய்தியையும் நம்பாது, பம்பியின் தொடக்கிச் சுற்றிலேயே நேரே பொருத்துக. கையால் இயக்கும்போதும் அது காவலாக நிற்கும்.

எல்லாப் பம்பிக்கும் நிறுத்துதலே பாதுகாப்பு என்று எண்ணுதல் தவறு. கொழும்பின் மழைநீரை வெள்ளவத்தை, தெகிவளை ஆகிய இடங்களிற் கடலோடு சேரும் கால்வாய்களும், கொட்டாஞ்சேனைக்கு வடக்கேயுள்ள முகத்துவாரத்திற் கடலை அடையும் சுரங்க வழியும் வெளியேற்றுகின்றன. 2010 நவம்பரிற் பெய்த பெருமழையின்போது நகரின் பல பகுதிகளோடு கோட்டேயிலுள்ள பாராளுமன்ற வளாகமும் நீரில் மூழ்கிற்று. இத்தகைய தாழ்நிலங்களில் வயலின் நீரை வெளியேற்றும் பம்பி, செய்தி வரவில்லையென்று நின்றுவிடின் நெற்பயிர் மூழ்கி அழுகும். ஆகவே வடிகாற் பம்பி, தொடர்பு அறுந்தவிடத்துத் தன் அருகிலுள்ள மிதவையைக் கொண்டு தானே தொடர்ந்து இயங்குமாறு செய்நிரல் அமைத்தல் வேண்டும். இறைக்கும் பம்பிக்கு நிறுத்தம் காவல். வடிக்கும் பம்பிக்கு இயக்கம் காவல்.

மின்தடையும் இடியும்

2022இல் நாள்தோறும் நெடுநேர மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் எவரும் மறந்திரார். மின்சாரம் மீண்டவுடன் எல்லாப் பம்பிகளும் ஒருங்கே தொடங்கினால் மின்னழுத்தம் வீழ்ந்து மோட்டர்கள் சூடேறும். முதற்பம்பி இரண்டு நிமிடமும் அடுத்தது மூன்று நிமிடமும் பொறுத்து, உணரிகளைப் புதிதாக வாசித்த பின்னரே தொடங்குமாறு எழுதுக.

பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரல், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இடிமின்னல் மிகுதி. வெளியே செல்லும் நீண்ட கம்பியின் இரு முனைகளிலும் மின்னற் காப்பு இட்டு, முறையாக நிலத்தொடுப்புச் செய்க. தூரம் மிகுதியாயின் வானொலி அலைவழி இணைப்புக் கம்பியினும் நன்று. அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த கருவியையே வாங்குக.

அந்நியர் கை புகாமை

பழைய மொட்பஸ் முறையிற் கடவுச்சொல் என்பதில்லை. கேட்பவர் யாவராயினும் கருவி கீழ்ப்படியும். ஆதலின் அதனை இணையத்தில் நேரே திறந்து வைத்தல் ஆகாது. அவுஸ்திரேலியாவின் மரூச்சி என்னும் இடத்தில் 2000ஆம் ஆண்டு, கழிவுநீர்ப் பம்பி நிலையங்களுக்கு வானொலி வழியே ஒருவர் கள்ளக் கட்டளைகள் அனுப்பினார். ஏறத்தாழ 8 இலட்சம் லீற்றர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆற்றிலும் பரவிற்று. கைத்தொலைபேசியாற் பம்பியை இயக்குவோர், கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடல் வேண்டும்.

கொழும்பிற் கருவி வாங்குமுன்

கடைக்குச் செல்லுமுன் உள்ளீடு எத்தனை, வெளியீடு எத்தனை, தூரம் எவ்வளவு, பம்பி ஒருதறுவாயதோ முத்தறுவாயதோ என எழுதிக்கொள்க. பதிவகப் பட்டியல் உள்ள கைநூலும், செய்நிரல் எழுதும் மென்பொருளும், அதற்குரிய இணைப்புக் கம்பியும் உடன் கிடைக்குமா எனக் கேட்க. இவை இல்லாத மலிவான கருவி ஈற்றில் விலைமிக்கதாகும். செய்நிரலின் பிரதியையும் கம்பி வரைபடத்தையும் பொருத்துபவரிடமிருந்து பெற்று வீட்டிலே வைத்திருக்க. பிரதி இல்லையேல் கருவி கெடும் நாளில் யாவும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

சுருக்கமாக

1. தொடங்கும் அளவும் நிற்கும் அளவும் வேறாக இருத்தல் வேண்டும்.
2. ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி வேண்டும்.
3. திரையிற் காணும் எண்ணைக் கோலால் அளந்து சரிபார்க்க.
4. தொடர்பு அறுந்தால் என்ன நிகழும் என்பதைக் கம்பியைக் கழற்றிப் பார்த்து அறிக. பயிர் இடுமுன் ஒருமுறையும், பின்னர் மாதந்தோறும் இச்சோதனையைச் செய்க.
5. கையால் இயக்கும் ஆளியை ஒருபோதும் நீக்கற்க.
6. 230, 400 வோல்ற்று மின்வேலையைத் தேர்ந்த மின்வேலையாளரிடமே ஒப்படைக்க.

பயிருக்கு எவ்வளவு நீர், எந்நேரம் வேண்டும் என்பதைக் கருவி தானாக அறியாது. கமக்காரர் கூறியதையே அது செய்யும். நீரளவு பற்றிய ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டுத் தெளிந்து, அதன்பின் செய்நிரலை அமைத்துக்கொள்க.